மொறிஸ் மைனரின் முதல் நிறம்

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எல்லாரும் எஞ்சினில்தான் தொடங்குவார்கள். மண்ணெண்ணெய்யில ஓடினது, இடப்பெயர்வுக்குள்ள பத்துப் பேரை ஏத்திக்கொண்டு போனது, இப்பவும் ஒரு உதையில ஸ்டார்ட் ஆகும் எண்டெல்லாம் சொல்லுவார்கள். அதே ஆட்களிடம், "இந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியில வரேக்க என்ன கலர்?" என்று ஒருக்காக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பச்சை என்பார், இன்னொருவர் சாம்பல் என்பார், மூன்றாமவர் "அந்தக் காலத்துக் கார் எல்லாம் கறுப்புத்தானே" என்று முடித்துவிடுவார்.

கேள்வி சின்னதுதான். ஆனால் பதிலைத் தேடப் போனால் வரலாறு படிக்கிறவர்கள் செய்கிற எல்லா வேலையும் அதுக்குள்ளே வந்துவிடும். ஆவணத்தைப் பார்க்கவேண்டும், பொருளைப் பார்க்கவேண்டும், படத்தைப் பார்க்கவேண்டும், ஆட்களைக் கேட்கவேண்டும். நாலும் நாலு பதில் சொன்னால் எதை நம்புவது என்று முடிவெடுக்கவேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கடைசியில், கண்டுபிடித்த நிறத்தை என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமானதாகப் படுகிறது.

ஏன் இந்தக் கார்கள் மிஞ்சின?

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பிரித்தானிய ஆட்சி போன கையோடு இலங்கைக்கு வந்த வாகனங்களில் இதுவும், ஒஸ்டின் ஏ40, ஏ55 கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் போன்றவையும் முக்கியமானவை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து இறக்குமதி இறுகியது. புதுக் கார் வாங்க வழியில்லாததால் உள்ளதைத் திருத்தித் திருத்தி ஓட வேண்டியதாயிற்று. 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்து தெற்கில் ஜப்பான் கார்கள் நிறையத் தொடங்கின. வடக்கில் அதுக்குப் பின்னாலேயே யுத்தம் வந்தது. 1990இலிருந்து பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றறி, சீமெந்து எல்லாம் தடைப் பட்டியலில். கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடுகிற முறை அப்போதுதான் பரவியது. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின.

அதனால்தான் எங்கட கார்கள் உலகத்தின் வேறு இடங்களில் இருக்கிற "விண்டேஜ்" கார்கள் மாதிரி இல்லை. அங்கே ஒரு பணக்காரரின் கராஜில் துணி மூடி வைத்திருப்பார்கள். இங்கே அது ஹையர் ஓடியது, கலியாணத்துக்குப் போனது, ஆஸ்பத்திரிக்குப் போனது. துருப் பிடித்த இடம் வெட்டி ஒட்டப்பட்டது. மேலே கிடைத்த பெயின்ற் அடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட காரில் முதல் நிறத்தைத் தேடுவது கஷ்டம். ஆனால் தேடுகிற வழியில் கிடைக்கிற தகவலும் அதிகம்.

தட்டு என்ன சொல்லுது?

முதலில் ஆவணம். மொறிஸ் மைனரின் பொனற்றைத் திறந்தால், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் ஒரு சின்ன அடையாளத் தட்டு இருக்கும். 1952 தொடக்கம் 1958 அளவு வரை செய்த கார்களில், கார் இலக்கத்துக்கு முன்னால் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் வரும். உதாரணமாக "எஃப்-பி-ஈ-2-1" என்று இருந்தால், எஃப் என்பது மொறிஸ் மைனர். பி என்பது இரண்டு கதவு சலூன். மூன்றாவது எழுத்துத்தான் நிறம்: ஈ என்றால் பச்சை, ஏ என்றால் கறுப்பு, பி என்றால் சாம்பல். நான்காவதாக வருகிற இலக்கம் எந்தச் சந்தைக்குச் செய்தது என்பது. 2 என்றால் வலப்பக்க ஸ்டியரிங் ஏற்றுமதி. ஐந்தாவது, பெயின்ற்றின் வகை.

அப்ப வேலை முடிஞ்சுதே? இல்லை. முதலாவது சிக்கல், இந்த எழுத்து நிறத்தின் குடும்பத்தைத்தான் சொல்லும், சரியான சாயலைச் சொல்லாது. சாம்பல் என்றால் எந்தச் சாம்பல்? 1950களில் கிளாரண்டன் கிறே என்று ஒன்று, 1960களில் ஸ்மோக் கிறே என்று ஒன்று. பின்னையதில் நீலம் கலந்திருக்கும். இரண்டாவது சிக்கல், பகுதிகளாக அனுப்பி வேறு நாட்டில் பொருத்திய கார்களுக்கு நிற எழுத்தின் இடத்தில் எச் என்று அடித்திருப்பார்கள். அவுஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு அப்படிப் போயின. அந்தக் கார்களின் நிறம் பொருத்திய நாட்டில் முடிவானது. மூன்றாவது, 1958 அளவில் இலக்க முறையே மாறிவிட்டது. புதிய முறையில் எஞ்சின் வகையும் கதவு எண்ணிக்கையும் இருக்கும், நிறம் இருக்காது.

நான்காவது சிக்கல் எங்களுக்கே உரியது. இரண்டு உடைந்த காரைச் சேர்த்து ஒரு காராக்கினால் தட்டு எந்தக் காருடையது? தட்டு உண்மையைச் சொன்னாலும், அது இந்த உடம்பைப் பற்றிச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. ஆவணம் போலியா என்று மட்டும் பார்த்தால் போதாது, அது எதைப் பற்றிய ஆவணம் என்றும் பார்க்கவேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். பொனற்றுக்குள் அந்தப் பாடம் கண்முன்னே இருக்கும்.

தட்டை விட்டால் வேறு ஆவணங்களும் உண்டு. இங்கிலாந்தின் கேடன் என்ற இடத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் பல பழைய பிரித்தானியக் கார்களின் உற்பத்திப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. கார் இலக்கத்தைக் கொடுத்துப் பணம் கட்டினால், பதிவு இருக்கும் பட்சத்தில், செய்த திகதி, நிறம், அனுப்பிய இடம் போன்றவற்றுடன் சான்றிதழ் தருவார்கள். எங்கட வாகனப் பதிவுச் சான்றிதழிலும் நிறத்துக்கு ஒரு கட்டம் இருக்கு. ஆனால் அது கடைசியாகப் பதிந்த நிறம். முதல் நிறத்துக்கு அதை நம்ப ஏலாது.

படை படையாக

ஆவணம் கையை விரித்தால் காரையே கேட்கவேண்டும். ஸ்பிறே அடிக்கிறவர்கள் முழுக்காரையும் கழற்றி அடிப்பது குறைவு. ஆகவே அவர்கள் கை எட்டாத இடங்களில் பழைய நிறம் தப்பியிருக்கும். கதவின் உள்மட்டையைக் கழற்றினால் அதன் பின்பக்கம், டாஷ்போர்டின் அடிப்பக்கம், பின் ஆசனத்துக்குக் கீழ், டிக்கி றப்பருக்கு அடியில், நம்பர் பிளேற்றுக்குப் பின்னால் என்று பார்க்கலாம். மொறிஸ் மைனரில் மட்காட் போல்ற் போட்டுப் பூட்டியது. மட்காட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு பீடிங் ஓடும். அதைக் கழற்றினால் உள்ளே ஒரு மெல்லிய கோட்டில் பழைய நிறம் கிடைக்கலாம்.

இந்த இடங்கள் எவ்வளவு பெறுமதியானவை என்பதற்கு ஒரு உதாரணம். 1960 டிசம்பரில் மொறிஸ் மைனர் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. பிரித்தானியக் கார் ஒன்று அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கொண்டாட 350 கார்களை மட்டும் வெளிறிய ஊதா நிறத்தில், வெள்ளை ஆசனங்களோடு செய்தார்கள். பிறகு யாராவது அந்தக் காருக்கு வேறு நிறம் அடித்துவிட்டால், கதவுமட்டைக்குப் பின்னால் தெரிகிற ஊதாத் துண்டு மிகப் பெரிய துப்பு.

மறைவான இடம் கிடைக்காவிட்டால் வெளிப்படையான இடத்திலேயே தேடலாம். நாணயம் அளவு இடத்தைத் தண்ணீர் தொட்டு மெல்லிய சான்ட் பேப்பரால் வட்டமாகத் தேய்க்கவேண்டும். நடுவில் இரும்பு தெரியும்வரை தேய்த்து, விளிம்பைச் சரிவாக விட்டால், வெட்டின மரத்தில் தெரிகிற வளையங்கள் மாதிரி நிறங்கள் ஒவ்வொன்றாக வரும். நடுவிலிருந்து வெளியே வாசித்தால் பழையதிலிருந்து புதியதுக்கு. பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்கும் என்பதால் காயத் தேய்க்கக் கூடாது. முகத்துக்கு மாஸ்க்கும் வேணும்.

இங்கே அதிகம் பேர் சறுக்குகிற இடம், இரும்புக்கு மேலே வருகிற முதல் படையையே முதல் நிறம் என்று எடுப்பது. அது அடிப்பூச்சாக இருக்கலாம். சாம்பல் அல்லது செங்காவி நிறத்தில் பிறைமர் இருப்பது சாதாரணம். "எங்கட கார் முதல்ல சிவப்பு" என்று சொல்லப்படுகிற சில கார்கள் சிவப்புப் பிறைமர் போட்ட கார்களாக இருக்கலாம். இதைப் பிரித்தறிய ஒரு வழி, படைகளுக்கு நடுவில் அழுக்கு, மெழுகு, வெடிப்பு இருக்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்ப்பது. நடுவில் ஒன்றுமில்லாமல் ஒட்டியிருக்கிற இரண்டு படையும் ஒரே வேலையில் அடித்தவை. அழுக்கு இருந்தால், கீழே உள்ள படை கொஞ்சக் காலம் வெயிலையும் புழுதியையும் பார்த்திருக்கு. அருங்காட்சியகங்களில் இதையே நுணுக்கமாகச் செய்வார்கள். ஒரு சின்னச் சில்லைப் பிசினுக்குள் பதித்து, குறுக்காக வெட்டி, நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.

தின்னரும் ஒரு சாட்சி. பஞ்சில் தின்னர் தொட்டு ஒவ்வொரு படையிலும் உரசினால் செலுலோஸ் பெயின்ற் கரைந்து பஞ்சில் ஒட்டும். சூளையில் சூடாக்கிக் காயவைத்த தொழிற்சாலை எனாமல் அவ்வளவு இலேசாகக் கரையாது. பின்னாளில் வந்த இரண்டு கலவைப் பெயின்ற்றும் கரையாது. நிறத்தோடு பெயின்ற்றின் வகையும் தெரிந்தால் எந்தப் படை எந்தக் காலம் என்று ஓரளவு சொல்லலாம். தூரிகைத் தடத்தோட ஒரு படை வந்தால் அதையும் கவனிக்கவேண்டும். ஸ்பிறே அடிக்கக் கொம்பிறசர் வேணும், கொம்பிறசருக்குக் கரண்ட் வேணும். 1990க்குப் பிறகு குடாநாட்டில் வருசக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தத் தூரிகைத் தடம் ஒரு காலத்தின் கையெழுத்தாக இருக்கலாம்.

இன்னொன்று, ஒரு இடத்தில் மட்டும் தேய்த்து முடிவெடுக்கக் கூடாது. வலது கதவில் நாலு படை, இடது கதவில் ஏழு படை என்றால் ஒரு கதவு வேறு காரிலிருந்து வந்திருக்கும். குறைந்தது ஐந்தாறு இடத்தில் பார்த்து, எல்லாவற்றிலும் ஒத்துவருகிற அடிப்படையைத்தான் எடுக்கவேண்டும். வெயில்பட்ட நிறம் வெளிறியிருக்கும். வெயில்படாத வெள்ளைகள் இருட்டில் மஞ்சளாகியிருக்கும். ஆகவே சரியான சாயலுக்கு இரண்டையும் ஒப்பிடவேண்டும்.

படமும் ஞாபகமும்

"அப்பப்பாவின்ர கலியாணப் படத்தில கார் நிக்குது, பாத்தால் தெரியும்தானே" என்று கேட்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் கரும்பச்சையும் கருநீலமும் அடர்சிவப்பும் கிட்டத்தட்ட ஒரே கருமையாகத்தான் விழும். அதற்கும் முந்திய காலத்துப் படச்சுருள்கள் சிவப்பு ஒளியை உணராதவை. சிவப்புக் கார் அதில் கறுப்பாகவே தெரியும். பழைய கலர்ப் படங்களில் வேறு பிரச்சினை, சாயங்கள் ஒரேயளவில் மங்குவதில்லை. அதனால்தான் அல்பத்தில் எல்லாமே செம்மஞ்சளாகக் கிடக்கு. படத்தில் நிறத்தைவிட நம்பத்தக்கது வெளிச்சத்துக்கும் கருமைக்கும் உள்ள வித்தியாசம். கார் வெளிறிய நிறமா, கூரை வேறு நிறமா என்பதை அது சொல்லும்.

"பழைய கார் எல்லாம் கறுப்பு" என்ற நம்பிக்கையும் விசாரிக்கவேண்டியது. அது ஹென்றி ஃபோர்ட்டின் மொடல் ரீ காரிலிருந்து வந்த கதை. ஆனால் 1908இல் அந்தக் கார் வந்தபோது அதில் சாம்பல், சிவப்பு, பச்சை எல்லாம் இருந்தன. கறுப்பு மட்டும் என்ற காலம் 1914 தொடக்கம் 1925 வரைதான். 1926 மொடலில் நிறங்கள் திரும்பி வந்தன. ஆகவே 1910ஆம் ஆண்டு மொடல் ரீ ஒன்று கறுப்பாக நின்றால், யாரோ பிறகு அடித்திருக்கிறார்கள் என்றுதான் சந்தேகிக்கவேண்டும்.

ஞாபகத்தைப் பற்றி ஜெர்மனியில் ஒரு நல்ல கதை இருக்கு. மெர்சிடஸ் பந்தயக் கார்கள் ஏன் வெள்ளி நிறம்? அணியின் முகாமையாளர் அல்பிரட் நொய்பவர் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு விளக்கம் சொன்னார். 1934 ஜூனில் நூர்பர்க்ரிங்கில் நடந்த ஐஃபல் பந்தயத்துக்கு முதல்நாள் காரை நிறுத்தபோது, 750 கிலோ என்ற வரம்பை ஒரு கிலோ தாண்டியதாம். இரவோடிரவாக வெள்ளைப் பெயின்ற்றைச் சுரண்டி எடுத்தார்களாம், கீழிருந்த அலுமினியம் தெரிந்ததாம். அழகான கதை, உலகமெல்லாம் பரவியது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட பந்தயம் எடை வரம்பில்லாத விதியில் நடந்தது என்று பின்வந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். வரம்பே இல்லையென்றால் சுரண்டியது எதுக்கு? கண்ணால் பார்த்த ஆள் சொன்னார் என்பதற்காகவே ஒரு நிறம் உறுதியாகிவிடாது.

அதுக்காக ஞாபகத்தைத் தூக்கி எறியவும் தேவையில்லை. அப்பம்மா நீலம் என்கிறா, அப்பப்பா சாம்பல் என்கிறார் என்றால், கார் நீலம் கலந்த ஸ்மோக் கிறேயாக இருக்கலாம். இரண்டு பேரும் சரியாக இருக்கக்கூடும்.

பெயின்ற்றில் எழுதின அரசியல்

காரில் நிறம் அடிக்கப்பட்ட இடங்களில் ஒன்றை வேறாகப் பார்க்கவேண்டும், நம்பர் பிளேற். 1950களின் முற்பகுதியில் பதிந்த கார்களில் இலக்கத்துக்கு முன்னால் ஈ.எல்., ஈ.என். மாதிரி இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். 1957இல் அந்த இடத்துக்குச் சிங்கள ஸ்ரீ வந்தது. தனிச் சிங்களச் சட்டத்துக்கு அடுத்த வருசம். தமிழரசுக் கட்சியினர் தங்கட கார்களில் தமிழ் ஸ்ரீயை எழுதிக்கொண்டு ஓடினார்கள், கைதானார்கள். 1958இல் சிங்கள ஸ்ரீயோடு இலங்கை போக்குவரத்துச் சபை பஸ்கள் வடக்குக்கு வந்தபோது அந்த எழுத்தில் தார் பூசப்பட்டது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. மே மாதம் கலவரம்.

ஒரு பழைய காரின் நம்பர் பிளேற்றைச் சுரண்டினால் கீழே வேறு எழுத்து இருக்கலாம், தாரின் தடம்கூட இருக்கலாம். அந்தப் படையை "பிறகு வந்தது, முதல் நிறம் இல்லை" என்று தேய்த்து எறிந்துவிடலாமா?

எந்த நிறத்துக்குத் திரும்புவது?

இப்போது பழைய கார்களை வாங்கி "ஒரிஜினல் கொண்டிஷனுக்கு" கொண்டுவருகிற ஆசை எங்கட ஆட்களிடமும் வந்திருக்கு. நல்ல விசயம்தான். ஆனால் வழமையாக நடப்பது, கார் கராஜுக்குப் போகும், இரும்பு வரைக்கும் சுரண்டப்படும், பட்டி போடப்படும், பளபளவென்று புது நிறம் ஏறும். அந்த நிறம் தொழிற்சாலை நிறமாகவே இருந்தாலும், இடையில் இருந்த அறுபது எழுபது வருசம் கராஜ் நிலத்தில் தூசாகப் போய்விடும்.

அமெரிக்காவில் 1963இல் ஜோன் எஃப். கெனடி சுடப்பட்டபோது போய்க்கொண்டிருந்த லிங்கன் கார் கருநீலம். அதன் பிறகு அதைத் திருத்தி, கூரை போட்டு, கறுப்பு அடித்து, 1977 வரை வேறு ஜனாதிபதிகளும் பாவித்தார்கள். இப்போது டியபோர்னிலுள்ள ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகத்தில் அது கறுப்பாகவே நிற்கிறது. முதல் நிறம் என்ன என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் திருப்பி அடிக்கவில்லை. அந்தக் கார் கறுப்பாக ஓடின வருசங்களும் அதன் வரலாறுதானே.

எங்கட நிலைமையில் இதுக்குப் பாரம் இன்னும் கூட. யாழ் நூலகம் 1981இல் எரிந்தது. இடப்பெயர்வுகளில் வீட்டு அல்பங்களும் காணி உறுதிகளும் கடிதங்களும் போயின. பல வீடுகளில் 1990களைப் பற்றி ஒரு படம்கூட இல்லை. அப்படியான இடத்தில், தூரிகையால் அடித்த ஒரு பச்சை எனாமல் படை ஒரு குடும்பத்துக்கு அந்தக் காலத்தின் ஒரேயொரு பொருட்சான்றாக இருக்கலாம். தொழிற்சாலைப் பதிவேட்டின் பிரதி இங்கிலாந்தில் எங்கேயாவது இருக்கும். இந்தப் படைக்குப் பிரதி இல்லை.

காரைத் திருத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. துருப் பிடித்தால் வெட்டத்தான் வேண்டும், கார் என்றால் ஓடத்தான் வேண்டும். ஆனால் கராஜுக்கு விடமுதல் அரை நாள் செலவழிக்கலாம். அடையாளத் தட்டைப் படம் எடுங்கள். ஐந்தாறு இடத்தில் வட்டம் தேய்த்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து, வெயில் வெளிச்சத்தில் படம் எடுங்கள். உதிர்கிற பெயின்ற் சில்லுகளை, எந்த இடத்தில் எடுத்தது என்று எழுதிக் கடித உறைகளில் போடுங்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒவ்வொரு நிறத்தையும் காட்டி, இது யார் அடித்தது, எந்த வருசம், ஏன் என்று கேட்டு ரெக்கோட் பண்ணுங்கள். கதவுமட்டைக்குப் பின்னால் ஒரு சாண் இடத்தை மட்டும் தேய்க்காமல் விடச்சொல்லி ஸ்பிறே அடிக்கிற அண்ணையிடம் கேளுங்கள். வெளியில் எந்த நிறம் அடித்தாலும் அந்த ஒரு சாண் உள்ளுக்குள் அப்படியே கிடக்கட்டும். ஐம்பது வருசம் கழித்து அந்தக் கதவைக் கழற்றப் போகிறவருக்கு அது உதவும்.